கோ 0238: ஒரு கரும்பு எழுந்ததும் விழுந்ததும்

நல்ல கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்சதை வெளுப்பாக, சாறு மினுங்க இருக்கும். செவ்வழுகல் என்ற பூஞ்சண நோய் கண்ட கரும்பில் அதே சதை செங்காவியாகக் கலங்கிக் கிடக்கும். சிவப்புக்கு நடுவே குறுக்குவாட்டில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை அடிக்கும். கரும்புக்காரர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேலாகப் பழகிய காட்சிதான் இது. ஆனால் 2018ஐ ஒட்டி உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் தொடங்கி, லக்கிம்பூர் கேரி போன்ற நடுப்பகுதி மாவட்டங்களுக்கும் பரவி, வயல் வயலாகத் தெரிந்தபோது அது வேறு மாதிரியான செய்தியாக இருந்தது. விழுந்துகொண்டிருந்தது ஒரே ரகம்: கோ 0238. சில ஆண்டுக்கு முன்தான் அந்த மாநிலத்தின் கரும்புப் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்திய ரகம் அது.

நோய் எதிர்ப்புத் திறனுக்காகப் பயிர் ரகங்களை உருவாக்கும் வேலை எவ்வளவு தூரம் பலன் தரும், எந்த இடத்தில் அது தனியாக நின்று தோற்கும் என்பதை இந்த ஒரு ரகத்தின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். "எதிர்ப்புத் திறன் உள்ளது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், அப்புறம் எப்படி விழுந்தது?" என்று ஒரு விவசாயி கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு நேரான பதில் சொல்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

பெயரில் இருக்கும் கோயம்புத்தூர்

கோ என்றால் கோயம்புத்தூர். 0238 என்பதில் முதல் இரண்டு இலக்கம் எண் கொடுக்கப்பட்ட ஆண்டான 2002ஐக் குறிக்கும். ரகம் தேர்வானதோ ஹரியானாவின் கர்னாலில், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் மண்டல மையத்தில். வடநாட்டில் தேர்வான கரும்புக்கு நம் ஊர்ப் பெயர் வந்ததற்குக் காரணம் பூ.

வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் தாராளமாகப் பூத்து விதையும் பிடிக்கும். பூ இல்லாமல் கலப்பு இல்லை, கலப்பு இல்லாமல் புது ரகம் இல்லை. அதனால்தான் 1912இல் கரும்பு ஆராய்ச்சிக்கு அந்த ஊரைத் தேர்ந்தார்கள். இன்றைக்கும் பல மாநில ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்டுதோறும் கோயம்புத்தூருக்கு வந்து, அங்குள்ள தேசியக் கலப்பினத் தோட்டத்தில் தாங்கள் விரும்பும் கலப்புகளைச் செய்துகொண்டு விதையோடு ஊர் திரும்புகிறார்கள். கோவுக்குப் பின்னால் வரும் எழுத்து தேர்வு நடந்த இடத்தைச் சொல்லும்: கோசி என்றால் கடலூர், கோஜே என்றால் ஜலந்தர், கோஎஸ் என்றால் ஷாஜகான்பூர், கோஎல்கே என்றால் லக்னோ.

கோயம்புத்தூரில் முதலில் பொறுப்பேற்றவர் சி. ஏ. பார்பர். கோதாவரி டெல்டாவில் செவ்வழுகல் கரும்பை அழித்ததை 1901 வாக்கில் பதிவு செய்தவரும் இவர்தான். (செவ்வழுகல் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட ஆங்கிலப் பெயரை 1906இல் வைத்தவர் இ. ஜே. பட்லர்.) பார்பருடன் வேலை செய்து, அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி. எஸ். வெங்கட்ராமன் செய்த காரியம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. நம் ஊர் 'வெள்ளை' என்ற பருத்த இனிப்புக் கரும்பையும், ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல் இனத்தையும் கலந்தார்கள். 1912இல் செய்த அந்தக் கலப்பிலிருந்து வந்த கோ 205 ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. இனிப்பு வெள்ளையிடமிருந்து வந்தது. நோயையும் வறட்சியையும் குளிரையும் தாங்கும் முரட்டுத்தனம் நாணலிடமிருந்து வந்தது.

இந்த நாணல் இனத்தைப் பேய்க்கரும்பு என்றும் சொல்வதுண்டு. பட்டினத்தார் கையில் ஏந்திப் போன பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்ற கதை நமக்குத் தெரியும். உலகில் இன்று ஆலைக்குப் போகும் கரும்பில் ஏறத்தாழ எல்லாமே உடம்பில் ஒரு பங்கு பேய்க்கரும்பைச் சுமந்துகொண்டுதான் இனிக்கிறது. ஜாவாவிலும் இதே வழியில்தான் போனார்கள். செரே என்ற நோயால் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, எரிமலை அடிவாரத்தில் தானாகக் கலந்து வளர்ந்திருந்த காசூர் என்ற அரைக்காட்டுக் கரும்பைக் கொண்டு கலந்து கலந்து, பிஓஜே 2878 என்ற ரகத்தை எட்டினார்கள். அந்தப் பிஓஜே 2878இன் பிள்ளைதான் தென்னிந்தியாவில் நீண்ட காலம் கோலோச்சிய கோ 419.

எழுந்த கதை

கோஎல்கே 8102, கோ 775 இரண்டையும் கலந்து வந்தது கோ 0238. இதன் பின்னால் இருந்த விஞ்ஞானி பக்‌ஷி ராம். 2023இல் இவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முழுத் தகுதியோடு கிடைத்த விருது அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2009இல் வடமேற்கு மண்டலத்துக்கென்று ரகம் வெளியானது. வடநாட்டுக் கரும்பில் அதுவரை ஒரு சங்கடம் இருந்தது. எடை கூடினால் சர்க்கரை குறையும், சர்க்கரை கூடினால் எடை குறையும். இந்த ரகம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதுவும் முன்பட்டத்திலேயே, ஆலை திறந்த உடனே வெட்டக்கூடியதாக.

விளைவு கண்முன்னே தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 60 டன்னாக இருந்த சராசரி மகசூல் 80 டன்னை ஒட்டி வந்தது. ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, 9 சதவீதத்தைச் சுற்றி இருந்தது 11ஐத் தாண்டியது. அரைக்கிற ஒவ்வொரு நூறு டன் கரும்பிலும் கூடுதலாக இரண்டு டன் சர்க்கரை. 2019-20 பருவத்தில் அந்த மாநிலம் 126 லட்சம் டன் சர்க்கரை எடுத்தது. மாநில அரசின் ஆலோசனை விலையில் முன்பட்ட ரகங்களுக்குக் குவிண்டாலுக்கு 10 ரூபாய் கூடுதல்: 2017-18இல் முன்பட்டத்துக்கு 325, பொது ரகத்துக்கு 315. விவசாயிக்கு எடையும் விலையும், ஆலைக்குக் கட்டுமானமும் ஒரே கரும்பில் கிடைத்தால் வேறு ரகத்தை யார் நடுவார்கள்? 2020-21 வாக்கில் மாநிலத்தின் சுமார் 27 லட்சம் ஹெக்டேர் கரும்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஒரு ரகம்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெல்லோ சோளமோ ஒரே ரகமாக இருந்தாலும் விதை வழியாக வருகிற பயிர். கரும்பு அப்படி இல்லை. கரணையை, அதாவது பருவோடு கூடிய கரும்புத் துண்டை, வெட்டி நடுகிறோம். முளைக்கிறது அதே செடி. 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்து நின்றது கர்னாலில் தேர்வான ஒற்றை நாற்றின் உடம்பு. அதன் பூட்டுக்குப் பொருந்தும் ஒரு சாவியை எந்தப் பூஞ்சணமாவது கண்டுபிடித்துவிட்டால் அத்தனை வயலும் திறந்த வீடுதான்.

பூஞ்சணம் வேலை செய்யும் விதம்

கொலட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்பது அதன் பெயர். கணுக்கள் வழியாக நுழையும்: தோகை உதிர்ந்த தழும்பு, வேர் முளைக்கும் புள்ளிகள், பரு, பூச்சி துளைத்த ஓட்டை, எது கிடைத்தாலும் போதும். நுழைந்த பிறகு பருவின் அடியிலோ தழும்பிலோ சத்தமில்லாமல் பல மாதம் படுத்துக் கிடக்கும். அந்தக் கரும்பை வெட்டி விதைக்கரணை எடுத்தால் பார்வைக்குப் பழுதே தெரியாது. நோய் ஊர் விட்டு ஊர், மாவட்டம் விட்டு மாவட்டம் போவது பெரும்பாலும் இப்படித்தான். விதைக்கரும்பு ஏற்றிய டிராக்டரில் அதுவும் ஏறிப் போகிறது.

மழைக்காலத்தில்தான் முகம் காட்டும். மேலிருந்து மூன்றாவது, நான்காவது தோகை மஞ்சளிக்கும். பிறகு குருத்து முழுக்கக் காயும். தூரில் ஒவ்வொரு கரும்பாகப் போகும். அதற்குள் வித்துகள் மழைநீரிலும் பாசன நீரிலும் கலந்து அடுத்த வயலுக்கு ஓடியிருக்கும். கிழக்கு உத்தரப் பிரதேசம் மாதிரி தாழ்வான, ஆடி ஆவணியில் தண்ணீர் தேங்கும் நிலத்தில் இது எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்க மறுதாம்பு விட்டால் நோயும் கட்டையிலேயே தங்கி அடுத்த பயிருக்கு வரும். உள்ளே சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைவதால், ஆலைக்குப் போய்ச் சேருகிற கரும்பும் சாறாக இருக்குமே தவிரச் சர்க்கரையாகப் படியாது.

மருந்தால் தீர்க்க முடியாதா என்று கேட்பார்கள். கரும்பின் தோல் கெட்டியானது, கணு நார் நிறைந்தது. கரணையை மருந்துக் கரைசலில் நனைத்தால் ஆழத்தில் இருக்கும் பூஞ்சணத்தை மருந்து எட்டுவது கடினம். தயோஃபனேட் மெத்தில் போன்ற மருந்தை வெற்றிட அழுத்தத்தில் கரணைக்குள் செலுத்தும் கருவியை கோயம்புத்தூர் நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அது நல்ல பலன் தருகிறது. ஆனால் வயலில் நோய் வெளியே தெரிந்த பிறகு தெளித்துக் காப்பாற்றுகிற மருந்து எதுவும் இல்லை. ஆக, எதிர்ப்புத் திறன் உள்ள ரகம்தான் முதல் அரண். அதனால்தான் அந்தத் திறன் என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம்.

"எதிர்ப்புத் திறன்" என்ற சொல்லின் எல்லை

சோதனை செய்யும் முறை எளிமையானது. நின்று வளரும் கரும்பின் நடுக்கணுவிடையில் சிறு துளை போட்டு, பூஞ்சண வித்துகள் கலந்த நீரை உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். 60 நாள் கழித்துக் கரும்பைப் பிளந்து பார்ப்பார்கள். சிவப்பு எத்தனை கணுவைத் தாண்டியது, எவ்வளவு அகலம், வெள்ளைத் திட்டு உண்டா, நுனித்தோகை பச்சையா மஞ்சளா காய்ந்ததா என்று பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண். 2 வரை எதிர்ப்பு உள்ளது, 4 வரை ஓரளவு எதிர்ப்பு, 6க்கு மேல் போனால் எளிதில் நோய் வாங்குவது. இந்த மதிப்பிடும் வரையறையை 1961இல் கே. வி. சீனிவாசனும் என். ஆர். பட்டும் வகுத்தார்கள். இன்னும் அதுதான் வழக்கில் இருக்கிறது.

எதிர்ப்புள்ள கரும்பிலும் துளையைச் சுற்றிச் சிவக்கத்தான் செய்யும். அந்தச் சிவப்பில் ஒரு பகுதி கரும்பே பூஞ்சணத்தைத் தடுக்கச் சுரக்கும் நிறமிகள். எதிர்ப்புள்ள ரகம் அதைச் சீக்கிரமாகவும் நிறையவும் சுரந்து, நோயை அந்தக் கணுவிடைக்குள்ளேயே கட்டிப்போடும். நோய் வாங்கும் ரகத்தில் அது தாமதமாகும். அதற்குள் பூஞ்சணம் கணு தாண்டியிருக்கும். இது ஒரே ஒரு மரபணு திறந்து மூடும் கதவு கிடையாது. இன்னொரு கரும்பு நோயான பழுப்புத் துருவுக்கு ரியூனியன் தீவின் ஆர்570 ரகத்தில் புரூ1 என்ற ஒற்றைப் பெரிய மரபணு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றிலேயே தேர்வு செய்ய முடிகிறது. செவ்வழுகலுக்கு அப்படி ஒன்று இன்னும் கையில் இல்லை. சிறுசிறு பங்காகப் பல மரபணுக்கள் சேர்ந்து தருகிற திறன் அது. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்களைச் சுமக்கும் கரும்பில் அவற்றைத் தேடுவது சாமானிய வேலை இல்லை.

சரி, இந்தச் சோதனையில் எந்தப் பூஞ்சணத்தை ஊற்றுகிறார்கள்? கோ 0238 சோதிக்கப்பட்டபோது அந்த மண்டலத்தில் வழக்கில் இருந்தவை இந்தப் பூஞ்சணத்தின் சிஎஃப்08, சிஎஃப்09 என்ற இரண்டு வகைகள் (சிஎஃப் என்பது பூஞ்சணப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்). இரண்டுக்கும் ஓரளவு எதிர்ப்பு என்று ரகம் தேறியது. அந்த முடிவில் பொய்யோ அவசரமோ இல்லை. ஆனால் அந்தச் சான்று "சிஎஃப்08, சிஎஃப்09க்கு எதிராக" என்ற எல்லைக்குள் மட்டும் உண்மை. வயலுக்குப் போகும்போது அந்த எல்லை உதிர்ந்து "நோய் தாங்கும் ரகம்" என்பது மட்டும் மிஞ்சுகிறது.

சிஎஃப் வகைகளின் பட்டியலை வரிசையாகப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். ஒவ்வொரு வகையும் எந்தக் கரும்பிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டதோ அந்தக் கரும்பின் பெயர் கூடவே இருக்கும். சிஎஃப்01 கோ 1148இலிருந்து. சிஎஃப்04 கோ 419இலிருந்து. சிஎஃப்05 கோ 997. சிஎஃப்06 கோசி 671. சிஎஃப்08 கோஜே 64. சிஎஃப்09 கோஎஸ் 767. எல்லாம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மாநிலத்தின் செல்லக் கரும்புகள். இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தது சிஎஃப்13. அது கோ 0238இலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது, ரகம் வெளியான நாளில் சோதிக்கக் கிடைக்காத ஒரு வகை, அந்த ரகத்தின் மேலேயே வளர்ந்து, அதற்கென்றே தேறி வந்திருக்கிறது.

இது முதல் முறை இல்லை. 1930களின் கடைசியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் வடக்கு பிஹாரிலும் கோ 213 இப்படித்தான் விழுந்தது. அதுவும் பரந்து கிடந்த ரகம், அதுவும் கோயம்புத்தூர்க் கரும்பு. அதே மண், அதே தாழ்வு நிலம், எண்பது ஆண்டு இடைவெளி.

நம் பக்கத்து அனுபவம்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு கோசி 671ஐ அறிமுகம் செய்யத் தேவையில்லை. கடலூரில் தேர்வான அந்தக் கரும்பின் சர்க்கரைக் கட்டுமானத்தை இன்றும் பெரியவர்கள் ஏக்கத்தோடு சொல்வார்கள். அது செவ்வழுகலில் போனது. பின்னால் கடலூரிலிருந்தே வந்த கோசி 92061உம் அதே நோயில் போனது. ஆனால் விழுந்த கோசி 671 வீணாகவில்லை. அதை கோ 62198உடன் கலந்து பிறந்ததுதான் 2000இல் வெளியாகி இன்று தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் முழுக்கப் பரவியிருக்கும் கோ 86032. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கோசி 671க்கும் கோ 0238க்கும் ஒரு பெற்றோர் ஒன்றே, கோ 775. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒரே நோயில் போயிருக்கிறார்கள். கலப்பில் திரும்பத் திரும்ப அதே சில பெற்றோரையே நாடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. சர்க்கரை தருகிற பெற்றோர் சிலரே என்பதால் அப்படி நடக்கிறது. அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். இருந்தாலும் வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதும் உண்மை.

கோ 86032 கால் நூற்றாண்டாக நிற்கிறது. அது எனக்கு நிம்மதியும் தருகிறது, கவலையும் தருகிறது. நம் ஆலைப் பகுதிகளில் பெரும்பாலும் அந்த ஒரே கரும்பு என்ற நிலை நெடுநாளாக இருக்கிறது.

விழுந்ததற்கு என் கணக்கு

கோ 0238 தோற்றது இனப்பெருக்குப் பிழையால் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ரகத்துக்குக் கலப்பு, நாற்று, தேர்வு, பல இடச் சோதனை எல்லாம் சேர்ந்து 12 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். பூஞ்சணமோ வெளியீட்டிலிருந்து சுமார் பத்தே ஆண்டில் அதை எட்டிப் பிடித்துவிட்டது. இந்த ஓட்டத்தில் ஒரு ரகத்தின் ஆயுளை நீட்டுவது ஆய்வுக்கூடத்தில் முடிவதில்லை. எவ்வளவு பரப்பில் அதை விடுகிறோம் என்பதில் முடிவாகிறது. ஒரு ரகம் ஒரு ஆலைப் பகுதியில் பாதியைத் தாண்டாமல் இருந்திருந்தால், சிஎஃப்13 பிறந்தாலும் வயல் விட்டு வயல் தாவ இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. நிபுணர்கள் ஒரே ரகத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் குவிண்டாலுக்கு 10 ரூபாய் கூடுதலும், ஆலைக்கு இரண்டு சதவீதக் கட்டுமானமும் கண்முன் இருக்கும்போது எச்சரிக்கை காதில் ஏறாது. விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த ஆண்டுப் பயிர்தான் கணக்கு. பரப்பைப் பார்த்து எல்லை வைக்க வேண்டியவர்கள் ஆலைகளும் அரசும்தான்.

இரண்டாவது காரணம் விதைக்கரும்பு. நோய் தெரிந்த மாவட்டத்திலிருந்தே கரணை வெளியே போனது. எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும் நோய்க் கரணையிலிருந்து வந்தால் அது கட்டிய அணையில் நாமே போட்ட ஓட்டை. வெந்நீராவியில் கரணையைச் சூடாக்குவது புல்தண்டு என்ற வேறொரு கரும்பு நோய்க்கு நன்றாக உதவும். செவ்வழுகலில் ஆழப் போன பூஞ்சணத்தை அது முழுக்கக் கொல்லாது. ஆகவே சோதித்த நாற்றங்கால், ஒற்றைப் பரு நாற்று, திசு வளர்ப்பு நாற்று என்று சுத்தமான இடத்திலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. நோய் கண்ட தூரை வேரோடு எடுப்பது, அந்த வயலில் மறுதாம்பு விடாமல் நெல்லுக்கு மாற்றுவது, அந்த வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் கட்டுவது எல்லாம் பழைய அறிவுரைகள்தான். பழையவை என்பதாலேயே யாரும் கேட்பதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

இப்போது

உத்தரப் பிரதேசத்தில் கோ 0118, கோஎல்கே 14201, கோ 15023, கோஎஸ் 13235 ஆகியவற்றை மாற்றாகப் பரப்பி வருகிறார்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று இல்லாமல் நான்கைந்து பெயர்கள் இருப்பது எனக்கு நம்பிக்கை தரும் விஷயம், அந்த நான்கைந்தும் வயலில் உண்மையிலேயே கலந்து நின்றால். கட்டுமானத்தில் முந்தும் ஒன்று மறுபடி மற்றதை விழுங்கத் தொடங்கினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து.

கோயம்புத்தூரில் எரியாந்தஸ் என்ற காட்டுப் புல்லினத்தையும் நாணலின் புதிய சேகரங்களையும் கலப்புக்குள் கொண்டுவரும் வேலை நடக்கிறது. 1912இல் வெள்ளையோடு நாணலைச் சேர்த்ததன் தொடர்ச்சியாகத்தான் இதைப் பார்க்கிறேன். முதல் தலைமுறை மெலிந்து, நார் மிகுந்து, இனிப்பே இல்லாமல் வரும். திரும்பத் திரும்ப இனிப்புக் கரும்போடு கலந்து மூன்று நான்கு தலைமுறை போனால்தான் ஆலை ஏற்கும் கரும்பு கிடைக்கும். ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடிக்கும் வேலை. கேரளத்தின் கண்ணூரில் இதே நிறுவனத்தின் மையத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்து சேர்த்த கரும்பினங்கள் வளர்கின்றன. அதுபோன்ற சேகரம் உலகில் இன்னொன்று அமெரிக்காவின் மயாமியில் இருக்கிறது. சர்க்கரை விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வயல்களுக்குத் தண்ணீர் பாய வேண்டும்.

வடமேற்கு மண்டலத்துக்கான புது நாற்றுகளின் நடுக்கணுவிடையில் இப்போது ஊற்றப்படும் வித்துகளில் சிஎஃப்08, சிஎஃப்09உடன் சிஎஃப்13உம் சேர்ந்துவிட்டது. அறுபது நாள் கழித்துக் கரும்பைப் பிளக்கிறார்கள், சிவப்பு எத்தனை கணு தாண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.